நடுத்திட்டின் வால்

நடுத்திட்டு திறந்த நாளும் அன்று கரை சேர்ந்த சிப்பியும்:

1984 மார்ச் 18 — 1,060 மூட்டை
1987 மார்ச் 16 — 1,215 மூட்டை
1990 மார்ச் 12 — 1,190 மூட்டை
1993 மார்ச் 9 — 87 மூட்டை

முதல் வரி அவள் காவலுக்கு வருவதற்கு முன்னால். அடுத்த இரண்டும் அவள் காத்த சிப்பி. கடைசி வரியும் அவள் காத்ததுதான். அதைத்தான் யாரும் நம்பவில்லை.

இரண்டு ஆறுகள் வந்து சேரும் பெரிய கழிமுகம் அது. கடலைப் பார்த்த வாய் குறுகல், உள்ளே வயிறு அகலம். நீர் ஏறி நிற்கும்போது அக்கரை ஒரு கோடு மாதிரித் தெரியும். கப்பலே போகலாம் போலிருக்கும். ஆறு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே இடத்தில் தண்ணீரைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறும் மணலும்தான். நடுவே நரம்பு ஓடுவதுபோல ஓடைகள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் உயர ஏறி, அதே அளவுக்குக் கீழே வடியும். மற்ற நாட்களில் அரைமனதாக வந்து அரைமனதாகப் போகும். ஓடைகளும் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. ஆற்றில் ஒரு வெள்ளம், கடலில் ஒரு புயல், அவ்வளவு போதும்: போன மாதம் படகு போன இடத்தில் இந்த மாதம் நண்டு நடக்கும். அதனால் அந்தக் கரையில் ஒரு படகுக்காரன் "ஓடை அடைஞ்சு போச்சு" என்றால், ஏன் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப்போல அது.

தெரியாதவர்கள் பார்த்தால் வெறும் சேறு. தெரிந்தவர்களுக்கு அது ஒரு சந்தைத் தெரு. மேலே நண்டுகள் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வாசல் சண்டை போடும். கீழே புழுக்கள் மணலைத் தின்று, சுருள் சுருளாக வெளியே தள்ளும். ஓடையில் மடவை மீன் துள்ளும். அதைத் துரத்தி நீர்நாய் குடும்பத்தோடு வரும். மணலுக்கு ஒரு விரல் ஆழத்தில், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, சிப்பி. இவை எல்லாவற்றையும் தின்ன மேலே பறவைக் கூட்டம். செப்டம்பர் பிறந்தால் வடக்கிலிருந்து உள்ளான்கள் புகை மாதிரி வந்து இறங்கும். செம்மூக்கன் என்று அவர்கள் கூப்பிடும் பறவை, கறுப்பும் வெள்ளையுமாகக் கோட்டுப் போட்ட ஆள்போல, சிவந்த அலகோடு மிடுக்காக நடக்கும். சிப்பியை உடைக்காமல் இரண்டு ஓட்டுக்கு நடுவே அலகை விட்டுத் திறப்பதில் அதற்கு நிகர் கிடையாது. வெள்ளை இறகுக் கடற்காகம் அப்படியல்ல. உழைக்காது. யாராவது உடைத்துப் போட்டால் அதைத் தின்னும்.

கழிமுகத்தில் பதினோரு திட்டுகள். பெரியது நடுத்திட்டு. கரைமேட்டில் நின்று பார்த்தால் படுத்துக் கிடக்கும் மீனைப்போல இருக்கும். கரைப்பக்கம் தலை, கடல்பக்கம் வால். இரண்டுக்கும் நடுவே ஒரு சதுப்பு இடுப்பு. அதில் கால் வைத்தால் இடுப்புவரை இறங்கும், ஏறுவதற்குள் நீர் திரும்பிவிடும். ஆகவே வாலுக்குப் போக ஒரே வழி, பின்பக்கமாகச் சுற்றிப் போகும் பின்னோடை. திட்டில் விளையும் சிப்பியில் முக்கால்வாசி வாலில்தான்.

சிப்பி வாரும் குடும்பங்கள் நாற்பத்திரண்டு. தராசுக் கொட்டகையின் தெற்குச் சுவரில் நாற்பத்திரண்டு ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு குடும்பத்தின் வாரி தொங்கும். இரும்புப் பல் வைத்த, நீளக் காம்புள்ள வாரி. ஆணி இருந்தால் திட்டில் உரிமை உண்டு, இல்லையென்றால் இல்லை. அம்மாவிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்று ஆணி கைமாறும்.

நடுத்திட்டை ஒரு பருவம் வாரினால், அடுத்து இரண்டரை வருடம் சும்மா விட வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் சட்டம். அந்த இரண்டரை வருடமும் திட்டிலும் யாரும் கால் வைக்கக் கூடாது, பின்னோடையிலும் யாரும் படகு விடக் கூடாது. மாதம் ஒருமுறை காவலுக்கு நிற்பவர் மட்டும் போய், ஒரு மரச்சட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் வீசி, அது விழுந்த இடத்தில் தோண்டி, எத்தனை சிப்பி, என்ன பருமன் என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும். தலையில் ஐந்து வீச்சு, வாலில் ஐந்து வீச்சு. சட்டம் போட்டவர்கள் விவரமானவர்கள். காவலுக்கு நிற்பவரிடம் சொந்தப் படகு இருக்கக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். படகு இருந்தால் ஆசை வருமாம். வேறொருவர் படகில்தான் போய்வர வேண்டும். படகு வைத்திருப்பவருக்கு ஆசை வராதா என்று அவர்கள் யோசிக்கவில்லை.

அவளைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்தது ஒரு சிரிப்பான காரணத்துக்காக. 1984 திறப்பில் அவள் மாமியார், சல்லடையில் சலித்து விட்டுவிட வேண்டிய பொடிச் சிப்பியை மூட்டையின் அடியில் போட்டு மேலே பெரிய சிப்பியைப் பரப்பி வைத்திருந்தாள். தராசில் ஏற்றும்போது மருமகள் மூட்டையைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். "அத்தே, இதுங்க பால்குடி மறக்காத பிள்ளைங்க. கொண்டுபோய் அம்மாகிட்ட விட்டுட்டு வாங்க" என்றாள். கொட்டகையே கொல்லென்று சிரித்தது. மாமியார் எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்த மாமியாரையே விடாதவள் வேறு யாரை விடுவாள் என்று அந்த வருடமே சங்கம் அவளைக் காவலுக்கு வைத்தது. அன்றிலிருந்து ஊருக்கு அவள் காவலக்கா.

அவள் கணவர் படகுத்துறைத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரிசல். சேறு என்றாலே அவருக்கு ஆகாது. மனைவி சேற்றுக் காலோடு உள்ளே வந்தால், "ஏம்மா, பாதித் திட்டை வீட்டுக்கே கொண்டு வந்துட்டியே, காவலுக்கு நாயா நான் இருக்கணுமா?" என்பார். ஆனால் நாற்காலியில் உட்கார்கிறவர்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். கத்தரி நிற்காது, காதும் நிற்காது.

முதல் இரண்டு காவலிலும் ஒரு கிழட்டுப் படகுக்காரர்தான் அவளைக் கொண்டுபோய் விட்டார். அவர் முட்டி பிடித்துப் படகை விட்டதும், 1990 அக்டோபரில், அவள் தம்பி முன்வந்தான். அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. அக்காதான் வளர்த்தாள். தன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை பக்கத்தில் உட்காராமல் தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தவள் என்று கணவர் இன்றும் சொல்லிக் காட்டுவார். ஊரில் அவனுக்குப் பெயர் துடுப்பு. ஒல்லியாக, நெட்டையாக, எந்நேரமும் அசைந்துகொண்டே இருப்பான். அவன் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பு வரும்.

நவம்பரில் முதல் முறை போனபோதே பின்னோடை வாயில் படகை நிறுத்திவிட்டான்.

"அக்கா, இங்க பாரு. ஓடை அடைஞ்சு போச்சு. போன வாரம் ஆத்துல வந்த வெள்ளம் மணலை எல்லாம் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிருக்கு."

"வாலுக்கு எப்படிடா போறது?"

"றெக்கை கட்டிக்கிட்டுத்தான் போகணும். வேணும்னா இறங்கித் தள்ளட்டுமா? மாட்டிக்கிட்டா நீர் ஏறுற வரைக்கும் ரெண்டு பேரும் நண்டுக்குக் கதை சொல்லிட்டு உக்காந்திருக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். தண்ணீர் கலங்கலாக இருந்தது, ஆழம் தெரியவில்லை. அவளிடம் படகும் கிடையாது, கழியும் கிடையாது. தலையிலேயே பத்து வீச்சும் வீசிவிட்டு வந்தாள். அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, "பின்னோடை அடைஞ்சு கிடக்குதாம். வாலுக்குப் போக முடியல, தலையில மட்டும்தான் பார்த்தேன்" என்று சொன்னாள். தலைவர் தலையாட்டினார். தராசுக்காரர் எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வெள்ளத்துல திறந்துக்கும்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அதையே சொல்ல அவளுக்கே சலித்துப்போக, சொல்வதை விட்டுவிட்டாள். தலையில் சிப்பி நன்றாக விளைந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னாள். அது உண்மைதான்.

ஆனால் பறவைகள் வேறு சொல்லின.

யாரும் கை வைக்காத திட்டில் செம்மூக்கன்கள் ஒன்றுக்கொன்று நாலு முழம் தள்ளித்தான் நிற்கும். தின்னும்போது பக்கத்தில் ஆள் வந்தால் அதற்குப் பிடிக்காது. கடற்காகங்களுக்கு அங்கே வேலையே இல்லை. வாரி போட்ட திட்டில் கதை வேறு. வாரியின் பல் இழுத்த தடத்தில் உடைந்த சிப்பியும் நசுங்கிய சிப்பியும் கிடக்கும். அந்தத் தடத்தை ஒட்டியே கடற்காகங்கள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக நிற்கும். இது அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

1991 ஜனவரியில் ஒருநாள், நீர் நன்றாக வடிந்திருந்த நேரம், கரைமேட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். தூரத்தில், நடுத்திட்டின் வாலில், வெள்ளையாக ஒரு கோடு. கோடு அசைந்தது. கடற்காகங்கள்.

தம்பி சாப்பிட வந்தபோது கேட்டாள்.

"செத்த ஆமை ஒண்ணு ஒதுங்கிக் கிடக்கு அக்கா. நேத்து வலை போடப் போனப்ப தூரத்துல இருந்து பார்த்தேன். இவ்ளோ பெருசு."

"வரிசையா நிக்குதேடா."

"ஆமை நீளமா இருந்தா காக்கா என்ன, வட்டமாவா நிக்கும்?" என்றபடி தட்டை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் போடு."

அவள் போட்டாள். மூன்று வாரம் கழித்துக் கோடு வேறு இடத்தில் இருந்தது. ஆமையை நீர் இழுத்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அந்தக் கோட்டைப் பார்க்க நேரும்போதெல்லாம் அவளிடம் ஏதாவது ஒரு பதில் தயாராக இருந்தது. வேறு யாரைப் பற்றியாவது யாராவது அப்படிப் பதில் சொல்லியிருந்தால் மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பாள்.

மற்றவர்கள் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருப்பார்கள். காவலக்கா இருக்கிறாளே என்று விட்டிருப்பார்கள். திறக்காத திட்டைப் பற்றிப் பேசுவது காவலைச் சந்தேகப்படுவதாகும். அதை யாரும் வாய்விட்டுச் செய்வதில்லை.

1992 கோடையில் தம்பி படகுக்கு எஞ்சின் வைத்தான். புதிது. துறையில் இருந்த எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். இனி துடுப்பு என்று கூப்பிடக் கூடாது, டுப்டுப் என்று கூப்பிட வேண்டும் என்று யாரோ சொல்ல, அந்தப் பெயரும் கொஞ்ச நாள் ஓடியது. அக்கா மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கி வந்தான்; நீல நிறம், முன்னால் கூடை. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. அடுத்த திறப்பில் அம்மாவின் ஆணி அவளுக்கு வருவதாகப் பேச்சு.

அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே கணவர் மெதுவாக ஆரம்பித்தார். "மாப்பிள்ளை எஞ்சின் வச்சிருக்கான். நல்லது. மடவை மீனு வித்தா வச்சான்?"

"சேர்த்து வச்சிருப்பான்."

"பத்து வருஷமா என் கடையில அவன் முடி வெட்டிக்கிறான். ஒரு தடவைகூடக் காசு கொடுத்ததில்ல. சேர்த்ததுதான் போல."

"என் தம்பி நல்லா இருந்தா உங்களுக்குக் கண்ணு உறுத்துதா?"

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். அந்த வீட்டில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கத்தரி வெட்டாது.

1993 மார்ச் 9. முந்தின நாள் பௌர்ணமி. வருடத்திலேயே நீர் மிகக் கீழே வடியும் நாள். நாற்பத்திரண்டு ஆணிகளிலிருந்தும் வாரிகள் இறங்கின. படகுகள் வரிசையாகப் புறப்பட்டன. தலைவர் படகு முன்னால். காவலுக்கு நிற்பவர் கடைசிப் படகில் வருவது முறை. கடைசிப் படகு தம்பியுடையது. அன்றைக்கென்று அவன் எஞ்சினைக் கிளப்ப வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

தலைவர் படகு தலைப்பக்கம் ஒதுங்கவில்லை. நேராகப் பின்னோடையை நோக்கித் திரும்பியது. அவள் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். "தலைவரே! ஓடை அடைஞ்சிருக்கு! தட்டிடும்!"

காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கூவுகிறாள் என்று நினைத்து அவரும் கையை ஆட்டினார். படகு ஓடைக்குள் போயிற்று. தட்டவில்லை. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஐந்து பேரும் காலி மூட்டைகளும் ஏறிய கனமான படகு. அதுவும் போயிற்று. ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு படகுகள், இரண்டரை வருடமாகத் தண்ணீரே இல்லை என்று அவளிடம் சொல்லப்பட்ட இடத்தில், வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போய்க்கொண்டிருந்தன.

அவள் படகின் பக்கவாட்டில் செருகியிருந்த மூங்கில் கழியை உருவினாள். ஓடை வாயில் இறக்கினாள். கழி முழுவதும் உள்ளே போயிற்று. மணிக்கட்டுவரை கை நனைந்தது. அடி தட்டவில்லை.

திட்டில் இன்னும் ஒருவர்கூட இறங்கவில்லை. வால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"எவ்வளவு நாளா?"

"அக்கா, உக்காரு. படகு ஆடுது."

"எவ்வளவு நாளாடா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்த்துச் சொன்னான். "முதல்ல ஒரே ஒரு மூட்டைதான் எடுத்தேன். அக்கரையில ஒரு லாரிக்காரன்... அப்புறம் நிறுத்த முடியல. கொஞ்சமாவது இருக்கும்னு நினைச்சேன் அக்கா. சத்தியமா."

"நான் உன்னை நம்பித்தானேடா தலையிலேயே வீசினேன்."

"தெரியும்."

அந்த ஒரு சொல்தான் பின்னாளில் அவளுக்கு எஞ்சினைவிட, சைக்கிளைவிட, எல்லாவற்றையும்விட உறுத்தியது. அவன் அவளை ஏமாற்ற வேறு எதையும் தேடவில்லை. அவள் நம்புவாள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டான்.

வாலிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் கூப்பாடு, பிறகு வசவு. வாரி போட்டால் செத்த ஓடும் கறுத்த மணலும் மட்டுமே வந்தன. அவர்கள் வாலைத் தேடிச் சலித்துத் தலைக்குத் திரும்புவதற்குள் நீர் ஏறத் தொடங்கிவிட்டது; அவசரமாக வாரியதில் தேறியது எண்பத்தேழு மூட்டை.

தம்பி அவள் காலைப் பிடித்தான். "ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுவாங்க. நானே வந்து சொல்றேன். என் வாயால, எல்லார் முன்னாடியும். அதுக்கு முன்னாடி நீ சொல்லிட்டா என்னை இங்கேயே அடிச்சுப் போட்டுடுவாங்க. அஞ்சு நாள், அக்கா. அஞ்சு நாள் மட்டும் வாயத் திறக்காத."

அவள் திறக்கவில்லை. அந்த ஐந்து நாளும் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் முன்னால் இருந்த குடங்கள் விலகின. "அடிச்சிப்பி தின்ன மாமியாரைப் பிடிச்சா, முழுத்திட்டு தின்னவளை யாரு பிடிக்கிறது?" என்று ஒருத்தி காற்றிடம் கேட்டாள். மகள் சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அதையும் பார்த்தவர்கள் இருந்தார்கள். "சொல்லித் தொலையேம்மா" என்று கணவர் மன்றாடினார். "அவன் சொல்றேன்னிருக்கான்" என்றாள் ஒவ்வொரு முறையும்.

சனிக்கிழமை காலை, ஏறும் நீரில், தம்பி தன் மனைவியையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு கழிமுகத்தின் வாயைத் தாண்டிப் போய்விட்டான். எஞ்சின் சத்தத்தை அவள் வீட்டுக்குள்ளிருந்து கேட்டாள். யாருடைய படகு என்று கேட்டே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. தராசை ஓரமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அவள் எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"அஞ்சு நாளா இது எங்க போயிருந்துச்சு?" என்றது பின்வரிசை. "ஆளு ஓடினப்புறம் அவன் தலையில கட்டுறியா?"

"பின்னோடை அடைஞ்சிருக்குன்னு முதல் மாசமே இதே கொட்டகையில சொன்னேன். தலைவர் கேட்டாரு. தராசண்ணன் கேட்டாரு."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். ஓடை அடைந்துவிட்டது என்று காவல் சொன்னால், வேறொரு படகை அனுப்பிச் சரிபார்ப்பது தலைவரின் வேலை. அது சட்டத்திலேயே இருக்கிறது. அவர் அதைச் செய்யவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றார் தலைவர்.

தராசுக்காரர் குனிந்து எடைக்கல்லில் இல்லாத துருவைச் சுரண்டினார்.

அப்போதுதான், சேறு என்றாலே ஆகாத அந்த மனுஷர், வாசலருகில் இருந்தவர், எழுந்தார். "தலைவரே, அந்த நவம்பர் மாசம் என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'உன் மச்சான் பாவம், பின்னோடை அடைஞ்சு போச்சாம், பாதியிலேயே திரும்பிட்டான்'னு சொன்னது நீங்கதானே? பாதி மீசைதான் வெட்டியிருந்தேன். அப்படியே நிறுத்திட்டுக் கேட்டேனே."

"முடி வெட்டிக்கிறப்போ மனுஷன் ஆயிரம் பேசுவான். அதெல்லாம் சங்கத்துப் பேச்சா?" என்றார் தலைவர். கொட்டகை சிரித்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் சிரித்த அதே கொட்டகை. கணவர் உட்கார்ந்துவிட்டார்; அவர் கை, கத்தரி இல்லாமலே, திறந்து திறந்து மூடியது.

கடைசியில், தம்பி நேரில் வந்து ஒப்புக்கொண்டால் அவள் ஆணி நிற்கும், ஜூன் மாதம் முடியும்வரை பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

ஏப்ரல் 2 அன்று அவனிடமிருந்து முதல் கடிதம் வந்தது. வேறொரு கழிமுகத்தில் இருக்கிறானாம். மே மாதம் கட்டாயம் வந்து சொல்லிவிடுகிறானாம். அவள் அதைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மே முழுவதும் துறையில் எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்தாள். ஜூன் 11 அன்று இரண்டாவது கடிதம். எஞ்சின் பழுது, மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஜூன் கடைசிக்குள் வருகிறேன். அதையும் கொண்டுபோய்க் காட்டினாள். மகள் அன்று முதன்முறையாக அம்மாவை எதிர்த்துப் பேசினாள்: "மாமா வரமாட்டாரும்மா. அது உனக்கும் தெரியும். நீ இன்னும் அவருக்குச் சோறு பிசைஞ்சுக்கிட்டு இருக்கே."

ஜூலை 4 அன்று, சங்கத்து ஆள் ஒருவர் சுத்தியலின் பின்பக்கத்தால் தெற்குச் சுவரின் பத்தொன்பதாவது ஆணியைப் பிடுங்கினார். நீளமான ஆணி, வர மறுத்தது. பிடுங்கிய பிறகு சுவரில் ஒரு ஓட்டை. அதை யாரும் பூசவில்லை. வாரியை மகள் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம், அந்தச் சைக்கிளிலேயே, அக்கரையில் மீன் பெட்டி கட்டும் கூடத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வேறு வழி இல்லை; பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நடந்தால் முடியாது.

ஆகஸ்டு 16 அன்று மூன்றாவது கடிதம். வருவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அங்கே உள்ள சங்கத்தில் சேர வேண்டுமாம். முன்பு படகு ஓட்டிய இடத்தில் காவலுக்கு நின்றவர் கைப்பட ஒரு நற்சான்று கேட்கிறார்களாம். "நீ நல்லபடியாக நாலு வரி எழுதினால் என் பிழைப்பு ஓடும். நான் உன் தம்பிதானே" என்று எழுதியிருந்தான். அந்தச் சங்கத்தின் முகவரியைத் தனியாக, தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதியிருந்தான்.

அவள் மூன்று நாள் அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். நாலாம் நாள் கணவரிடம் ஒரு தாள் கேட்டாள். "என்ன எழுதப்போறே?" என்றார். "பார்த்ததை" என்றாள்.

எழுதியது இதுதான்: "1990 நவம்பர் முதல் 1993 பிப்ரவரி வரை, மாதம் ஒருமுறை, இவர் படகில் நடுத்திட்டுக் காவலுக்குப் போனேன். இவர் என்னை எங்கே இறக்கினாரோ அந்த இடத்தை மட்டும் பார்த்தேன். அங்கே சிப்பி நன்றாக இருந்தது. இவர் இறக்காத இடத்தில் ஒன்றும் இல்லை." கீழே கையெழுத்துப் போட்டாள். திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. குறைத்து எழுதவும் தோன்றவில்லை. நேராக அந்தச் சங்கத்துக்கே தபாலில் சேர்த்தாள்.

செப்டம்பரில் உள்ளான்கள் வந்தன. அவள் கரைமேட்டில் துணி உலர்த்தும்போது பார்த்தாள். நீர் வடிய வடிய, நடுத்திட்டின் தலையில் செம்மூக்கன்கள் இறங்கி, ஒன்றுக்கொன்று தள்ளி நின்று தின்ன ஆரம்பித்தன. வால் வெளியே வந்தது. ஈரத்தில் மினுமினுத்தது. அங்கே வரிசையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு கடற்காகம் இறங்கி, நாலு அடி நடந்து, ஒன்றும் கிடைக்காமல் பறந்துபோயிற்று. தின்ன எதுவும் மிச்சமில்லாத இடம் தூரத்திலிருந்து பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தாள்.

துணியை உதறிப் போட்டுவிட்டுத் திரும்பினால், வாசலில் தபால்காரர். உறையில் தம்பியின் கையெழுத்து. உள்ளே ஒரே வரி: "இப்போது உனக்குத் திருப்திதானே?"

அதன் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 1993 செப்டம்பர் 17.